அம்பாசிடரின் பின் ஆக்சில் ஊளையிடுகிறது: மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

கேட்டவர் குடியாத்தத்துக்காரர். அப்பா ஆசையாக வைத்திருந்த 1993 மாடல் அம்பாசிடர் டீசல் இப்போது அவர் கையில். 50-ஐத் தாண்டினால் பின்னாலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் வருகிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்குகிறது. ரிவர்ஸ் போட்டு கிளட்சை விடும்போது 'டொக்' என்று இடிக்கிறது. ஒரு மெக்கானிக் 'ஹவுசிங்கோட மாத்திடுங்க சார்' என்கிறார், அதாவது ஆக்சிலின் வெளி உறையோடு மொத்தமாக. இன்னொருவர் 'கெட்டி ஆயிலா ஊத்தி ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி. ஆனால் படித்தவரையில் அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: வருகிற பௌர்ணமிக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு இந்த வண்டியில் திருவண்ணாமலை போய் வரலாமா? போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: 'இடது பின் சக்கரத்து டிரம் ஓரமாக எண்ணெய் ஈரம் தெரிகிறது.'

நான் வேலூரில் 31 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் ஒன்பது வருடம் இதே வேலூரின் சைதாப்பேட்டையில் ஒரு பாயிடம் கையாள். கழற்றியதைக் கெரசினில் கழுவிக் கொடுத்தே பாதி நாள் போயிற்று. அம்பாசிடர், ஜீப், ஆம்னி என்று பின் சக்கரம் இழுக்கும் வண்டிகளின் ஆக்சில் நிறையப் பிரித்திருக்கிறேன். ஆனாலும் எழுத்தில் சத்தம் கேட்காது. ஆகவே எது நிச்சயம், எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயமான ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். நீங்கள் சத்தத்துக்குப் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது அந்த எண்ணெய் ஈரத்துக்கு. ஊளையிடும் கிரவுன் பினியனோடு (ஆக்சிலுக்குள் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி) வருடக்கணக்கில் ஓடிய டாக்சிகளைப் பார்த்திருக்கிறேன். ஆயில் குடித்த பிரேக் ஷூவோடு ஓடக் கூடாது. ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும், நெடுஞ்சாலையில் அழுத்தினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கசிந்து வெளியே வரும் ஆயில் உள்ளே குறைகிறது என்பது அடுத்த விஷயம். ஆயில் வற்றிய ஆக்சிலில் பினியன் பேரிங் சூடேறி இறுகினால் ஓடுகிற வேகத்திலேயே பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அதனால் முதல் வேலை அந்த டிரம்மைக் கழற்றிப் பார்ப்பதுதான். ஷூ நனைந்திருந்தால் கழுவிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் புதிதாக மாற்றுங்கள்.

ஆயில் டிரம்முக்குள் கசியாமல் தடுக்கும் வளையம்தான் சீல். அதை மாற்றுவதற்கு முன் ஒன்று. ஹவுசிங்கின் மேல் பக்கம் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும், பிரீதர் என்போம். வண்டி ஓடி ஆக்சில் சூடானதும் உள்ளே காற்று விரிந்து அதன் வழியாக வெளியேற வேண்டும். 30 வருடத்துச் சேறு அதை அடைத்திருந்தால் அந்த அழுத்தம் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். ஒரே வருடத்தில் மூன்று முறை சீல் மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்று ஒரு வண்டி என்னிடம் வந்தது. ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தியதில் நின்றது. எல்லா வண்டிக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காசே ஆகாத வேலை, முதலில் செய்து பாருங்கள்.

இனி சத்தம். விடியற்காலை போக்குவரத்து இல்லாத நேரத்தில் பள்ளிகொண்டா போய் நெடுஞ்சாலையில் ஏறுங்கள். சத்தம் வரும் வேகத்தில் நான்காம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு வந்து அதே வேகத்தில் ஓட்டுங்கள். இன்ஜின் சுற்று கூடியும் ஊளையின் சுருதி மாறவில்லை என்றால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருந்து வருகிறது. சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். காலியான இடத்தில் ஸ்டியரிங்கை லேசாக இடதும் வலதுமாக வளைக்கும்போது கூடிக் குறைந்தால் சக்கர பேரிங். காலை அழுத்தினாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி 'கர்ர்' என்று உறுமினால் ஆக்சிலுக்குள் ஏதோ பேரிங் போயிருக்கிறது. நேராகப் போகும்போது அமைதியாக இருந்து திரும்பும்போது மட்டும் கடகடவென்றால் உள்ளே இருக்கும் ஸ்டார் கியர், சன் கியர்; ஏனென்றால் அவை ஒன்றோடொன்று உரசிச் சுற்றுவது இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் ஓடும்போதுதான்.

உங்களுடையது காலை அழுத்தினால் வருகிறது, எடுத்தால் அடங்குகிறது. அப்படியென்றால் கிரவுன் பினியன் பல்லில், வண்டியை முன்னால் தள்ளும் பக்கத்தில் ஏதோ சரியில்லை. இவ்வளவும் உறுதியாகச் சொல்லலாம். பல்லே தேய்ந்துவிட்டதா, அல்லது பினியன் பேரிங் தளர்ந்து, நல்ல பல்லே இடம் மாறி உரசுகிறதா என்பதைப் பிரிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. முதல் மெக்கானிக் பிரிக்காமலே சொல்லிவிட்டார் என்பதுதான் எனக்கு அவர்மேல் வருத்தம்.

அந்த 'டொக்' சத்தத்தை இதோடு சேர்க்காதீர்கள். கியர்பாக்ஸிலிருந்து சக்கரம் வரைக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் இருக்கும் சின்னச் சின்ன ஆட்டம் எல்லாம் கூடி ஒரே நொடியில் இடிப்பதுதான் அது. என் அனுபவத்தில் முதல் சந்தேகம், கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் கிராஸ் மேல்தான். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டிக்கு அடியில் படுத்து, ஷாஃப்டை ஒரு கையாலும் அது ஆக்சிலோடு சேரும் தட்டை, அதாவது ஃபிளாஞ்சை, மறு கையாலும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். நடுவில் ஆட்டம் தெரிந்தால், அல்லது கிராஸின் கப்பைச் சுற்றிக் காவி நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் இல்லாமல் ஊசி பேரிங் பொடியாகிக்கொண்டிருக்கிறது. கிராஸ் மாற்றுவது அரை நாள் வேலை. அப்படியே பினியன் ஃபிளாஞ்சையும் பிடித்துப் பாருங்கள். சுற்றுவாக்கில் கொஞ்சம் ஆட்டம் புது வண்டியிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். மேலும் கீழுமாக, அல்லது உள்ளும் வெளியுமாக, மயிரிழை அசைந்தாலும் பினியன் பேரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அடுத்து ஆயில். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, சூடு இருக்கும்போதே இறக்க வேண்டும். முதலில் ஊற்றும் பிளக்கைத் திறங்கள், அது திறந்த பிறகுதான் இறக்கும் பிளக்கில் கை வைக்க வேண்டும். இருந்த ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, மேல் பிளக் தலை மழுங்கித் திறக்காமல் முழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளை வேட்டித் துணியை விரித்து, கடைசியாக வழியும் அடி ஆயிலை அதில் விழவிட்டு வெயிலில் பிடியுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டைத் தேய்த்தால் சந்தனம் மாதிரி வழவழவென்று சாம்பல் நிறத்தில் இருந்தால் அது வயதான தேய்மானம். நெறநெறவென்று உறுத்தினால், அல்லது துணியில் மீன் செதில் மாதிரி மின்னும் தகடுகள் தெரிந்தால், பல்லின் மேல்தோலோ பேரிங்கின் மேல்தோலோ உரிந்துகொண்டிருக்கிறது. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது. பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் வெள்ளம் வந்த சமயம், தரைப்பாலத்துத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டிகள் சிலவற்றில் இதைப் பார்த்தேன். சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் முங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, அதே பிரீதர் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. ஓட்டியவர்களுக்கு ஆறு மாதம் கழித்துச் சத்தம் வந்தபோதுதான் தெரிந்தது.

இரண்டாவது மெக்கானிக் சொன்ன கெட்டி ஆயில் சத்தத்தைக் கொஞ்ச நாள் மூடும், தேய்மானத்தை நிறுத்தாது. பழைய வண்டி விற்பவர்கள் சிலர் ஆக்சிலுக்குள் மரத்தூள் போடுவார்கள், வாழைப்பழத்தோல் போட்ட கதையும் உண்டு. வாங்கியவர் வீடு போய்ச் சேரும் வரைக்கும் வண்டி வாய் திறக்காது. இந்தக் கிரவுன் பினியன் ஹைபாய்டு வகை. பினியன் கிரவுனின் நடுக்கோட்டில் சேராமல் சற்றுக் கீழே சேர்கிறது, அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று சறுக்கவும் செய்கின்றன. அந்தச் சறுக்கலைத் தாங்குவது ஆயிலின் கெட்டித்தன்மை அல்ல, அதில் கலந்திருக்கும் மருந்து. ஜி.எல்.5 என்று டப்பாவில் போட்டிருக்கும் 80 டபிள்யூ 90 ஆயில் போதும். ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை வந்து வழிந்தால் அளவு சரி. மீதியை வீணாக்காமல் கியர்பாக்ஸில் ஊற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சில கியர்பாக்ஸின் பித்தளை, வெண்கலப் பாகங்களுக்கு அந்த மருந்து ஆகாது, அதற்கு வண்டிப் புத்தகத்தில் சொன்னதை மட்டும் ஊற்றுங்கள்.

இதெல்லாம் பார்த்தும் பிரிக்க வேண்டித்தான் வந்தால், அம்பாசிடரில் ஒரு நல்ல விஷயம் உண்டு. மொத்த ஆக்சிலையும் வண்டியிலிருந்து இறக்க வேண்டாம். இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் வெளியே இழுத்துவிட்டு, புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, நட்டுகளை எடுத்தால் கிரவுன் பினியன் இருக்கும் கூடு முன்பக்கமாகக் கையில் வந்துவிடும். வெள்ளைக்காரன் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஏற்பாடு, அப்படியே அம்பாசிடர் தயாரான உத்தரபாராவுக்கு வந்தது. நல்ல கனம், வயிற்றில் வைத்துத் தாங்காமல் ஜாக்கி கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். பிரித்த பிறகு நீங்கள் பக்கத்திலிருந்து பல்லைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் பல் நல்லது. குழி விழுந்திருந்தால், ஓரம் உடைந்திருந்தால், விளிம்பில் நகம் மாட்டுகிற மாதிரி படி விழுந்திருந்தால் அந்த ஜோடி முடிந்தது. ஜோடி என்று சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டுப் பொருத்தப்பட்டவை, இரண்டிலும் ஒரே எண் வெட்டியிருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது பழையதைத் தின்னும். உடைந்த பல்லை வெல்டிங் வைத்து ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தப் பல்லின் கடினமெல்லாம் மேல்தோலில்தான், வெல்டிங் சூட்டில் அது போய்விடும்.

பல் நன்றாக இருந்து பேரிங் மட்டும் தளர்ந்திருந்தால் பழுது பார்ப்பதே சரி. பேரிங்கின் மேலேயே எண் இருக்கும், பேரிங் கடையில் எண்ணைக் காட்டினால் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் தளர்ந்த பேரிங்கோடு ஓடிய பல், அந்தக் கோணலான இடத்திலேயே பழகித் தேய்ந்திருக்கலாம். புது பேரிங் போட்டுச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தால் ஊளை குறையலாம், அப்படியே நிற்கலாம், சில வண்டியில் சுருதி மாறி வேறு வேகத்தில் வரவும் வரலாம். 'சத்தம் சுத்தமா போயிடும்' என்று எந்த மெக்கானிக்கும் உறுதி கொடுக்கக் கூடாது. நானும் கொடுப்பதில்லை.

இந்த வேலையில் பொருளைவிடப் பொருத்துவதுதான் பெரிது. பினியன் தலைக்குப் பின்னால் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய வளையத்தின் கனம்தான் பினியன் எவ்வளவு உள்ளே போகிறது என்று தீர்மானிக்கிறது. கிரவுனை இடதும் வலதுமாக நகர்த்துவதுதான் பல்லுக்குப் பல் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அந்த இடைவெளி பெரும்பாலும் 5 முதல் 7 தௌ வரை இருக்கும், அதாவது 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர். பல கிரவுன்களில் சரியான அளவே வெட்டியிருக்கும், அப்படி இருந்தால் அதுதான் கணக்கு. இதை டயல் கேஜ் என்ற அளவுக் கருவி வைத்துப் பார்க்காமல், கையால் ஆட்டிப் பார்த்தே 'சரியா கீது' என்று மூடுகிறவர்கள் உண்டு. பாய் அப்படிச் செய்ய விடமாட்டார். செவ்வீயத்தை (ரெட் லெட் பொடி) ஆயிலில் குழைத்து, பல் விளக்கும் பிரஷ்ஷால் கிரவுனின் ஆறு பல்லுக்குப் பூசுவார். ஒரு ஆள் கிரவுனை அழுத்திப் பிடிக்க, இவர் பினியனைச் சுற்றுவார். பிறகு டார்ச் அடித்து எங்களைக் கூப்பிடுவார்: 'இன்னா தெரியுது, சொல்லு.' உரசிய இடத்தில் பூச்சு நீங்கி, துவரம்பருப்பை இழுத்துவிட்ட மாதிரி ஒரு தழும்பு தெரியும். அது பல்லின் நடுவில், சற்று உள்முனைப் பக்கமாக இருந்தால் சரி. உச்சியில் ஏறியிருந்தால் பினியன் எட்டி நிற்கிறது, ஷிம் கனம் கூட்ட வேண்டும். அடியில் இறங்கியிருந்தால் குறைக்க வேண்டும். உள்முனை விளிம்பில் ஒட்டியிருந்தால் கிரவுனைத் தள்ளி வைக்க வேண்டும், வெளிமுனைக்குப் போயிருந்தால் கிட்டே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறை ஷிம் மாற்றவும் பேரிங்கைப் பிரஸ்ஸில் கொடுத்துக் கழற்ற வேண்டும். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும். நல்ல மெக்கானிக் கூலி அதிகம் கேட்பது இந்த ஒரு நாளுக்காகத்தான். 'டயல் கேஜ் இருக்குதா, கலர் பூசிப் பார்ப்பீங்களா?' என்று இரண்டே கேள்வி கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். தனியாகப் பட்டறை வைத்த புதிதில் ஒரு டாக்சிக்குப் பினியன் சீல் மாற்றினேன், அரை மணி வேலை. சீல் போட்டு, ஃபிளாஞ்ச் நட்டை நீளமான பைப் மாட்டி, பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன், கழன்றுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில். அந்த நட்டுதான் பினியன் பேரிங்கின் இறுக்கத்தையும் தீர்மானிக்கிற வண்டி அது. மூன்றாம் நாள் ஏலகிரி ஏறி இறங்கியவர் ஜோலார்பேட்டையிலிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஹவுசிங் மூக்கில் கை வைக்க முடியவில்லை, பேரிங் நீலமாகக் கருகியிருந்தது. புது பேரிங்கும் கூலியும் என் கணக்கில்தான். அதிலிருந்து சீல் மட்டும் மாற்றுவதென்றாலும் நட்டின் இடத்தை உளியால் குறித்துக்கொண்டு, எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றில் அதே குறிக்குக் கொண்டுவருகிறேன்.

பல்லே போயிருந்தால் இரண்டு வழி. புது கிரவுன் பினியன் செட்டு வாங்கிப் பொருத்துவது. அல்லது பிரிக்காத பழைய கூட்டை முழுதாக வாங்கி மாட்டுவது. அம்பாசிடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. இப்போது புதிது என்று வருவதில் தரமானதும் உண்டு, ஒப்புக்குச் செய்ததும் உண்டு. சுமாரான புது செட்டைச் சுமாரான கையால் பொருத்துவதைவிட, விபத்தில் முன்பக்கம் நசுங்கிய வண்டியின் பின் கூடு, யாரும் கை வைக்காதது, எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்து உள்ள மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அவர்களும் அனுபவஸ்தர்கள்தான். வேலூரில் கிடைக்கவில்லை என்றால் சென்னை புதுப்பேட்டை. வாங்கும் இடத்திலேயே ஃபிளாஞ்சைக் கையால் சுற்றிப் பாருங்கள், எங்கும் மணல் அரைக்கிற உணர்வு வரக் கூடாது. நாலு இடத்தில் நிறுத்தி ஆட்டத்தைப் பாருங்கள், நாலிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஆக்சில் ஷாஃப்ட் நுழையும் வரிப்பற்களை எண்ணி உங்கள் ஷாஃப்டோடு ஒப்பிடுங்கள்.

கிரவுன், பினியன் இரண்டின் பற்களையும் எண்ணுங்கள். உதாரணத்துக்கு, 41-க்கு 9 என்றால் 4.56, 43-க்கு 10 என்றால் 4.3. வேறு விகிதத்தில் மாட்டினாலும் வண்டி ஓடும், ஆனால் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் முள் பொய் சொல்லும்: 4.56-க்குப் பதில் 4.3 போட்டால் 60 காட்டும்போது உண்மையில் ஏறக்குறைய 64-ல் போவீர்கள். உங்கள் வண்டியின் விகிதத்தைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். முன் சக்கரங்களுக்கும் ஒரு பின் சக்கரத்துக்கும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, நியூட்ரலில், மற்ற பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஷாஃப்டில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம். இன்ஜினை மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், தூக்கிய சக்கரம் இரட்டை வேகத்தில் சுற்றும், வண்டி ஸ்டாண்டிலிருந்து குதிக்கும்.

ஆக, இரண்டு மெக்கானிக்கில் நான் இப்போதைக்கு இருவர் பக்கமும் இல்லை. டிரம், பிரீதர், சீல், ஷூ, ஜாயிண்ட் கிராஸ், ஆயில் என்ற வரிசையில் பாருங்கள். ஆயிலில் செதில் இல்லை, ஃபிளாஞ்சில் மேல்கீழ் ஆட்டம் இல்லை, கசிவு நின்றுவிட்டது என்றால், ஊளை இருந்தாலும் கண்ணமங்கலம், போளூர் வழியாக அறுபதுக்குள் ஓட்டிக்கொண்டு அம்மாவோடு கிரிவலம் போய் வரலாம். போளூரில் டீ குடிக்க நிறுத்தும்போது ஹவுசிங்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு இருக்கும்; ஆனால் கையை வெடுக்கென்று எடுக்க வைக்கிற சூடு இருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பௌர்ணமிக்குப் பேருந்துதான்.

ஆயில் இறக்கிய துணியைத் தூக்கிப் போட்டுவிடாமல், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து வெயிலில் படம் எடுத்துப் போடுங்கள். மீதியை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.